மீசைக் கோப்பையும் மேசைக் கோப்பையும்

அருங்காட்சியகத்தின் கூரை ஒழுகத் தொடங்கிய வருடத்தில்தான் இதெல்லாம் நடந்தது. ஒழுகியது என்றால் சொட்டுச் சொட்டாக இல்லை. பெரிய கூடத்தில் தொங்கும் திமிங்கல எலும்புக்கூடு ரொம்ப நாள் கழித்துக் குளித்தது என்று காவலாளிகள் கேலி பேசும் அளவுக்கு ஒழுகியது. பொறியாளர்கள் வந்து அண்ணாந்து பார்த்தார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள், வாசலைப் பூட்டச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்தக் கட்டடத்தின் நிலவறைக் கிடங்குக்குப் பொறுப்பாக இருந்தவளை எல்லோரும் சாவியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் வருவதற்கு முன்னால் அவள் இடுப்பில் இருக்கும் சாவிக்கொத்தின் சத்தம் வந்துவிடும். கூடத்தில் ஜனங்கள் பார்ப்பது ஒரு கைப்பிடி என்றால், கிடங்கில் இருப்பது ஒரு கடல். யாரோ ஒரு பல் மருத்துவர் பிடுங்கிச் சேர்த்து வைத்த பற்கள், விசில் வைத்த குடை, பூனைக்குத் தைத்த மழைக்கோட்டு என்று அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. கேட்கத்தான் ஆள் இல்லை.

பூட்டுப் போட்ட மறுநாள் இயக்குநர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மனிதர் நல்லவர், ஆனால் அளந்து பேசுகிறவர். ஒரு தேதி தப்பாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

"கூரை சரியாகறதுக்குள்ள ஜனங்க நம்மள மறந்துடுவாங்கம்மா" என்றார்.

"அவங்க இங்க வர முடியலேன்னா, நாம அங்க போனா என்ன சார்?"

"எங்க?"

"பஸ் ஸ்டாண்டுக்கு. எல்லாரும் அங்கதான சார் சும்மா உக்காந்திருக்காங்க."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யோசிக்கிறார் என்று அர்த்தம். "சரி. சனிக்கிழமைக்கு ஒரு பொருள். பூட்டின கண்ணாடிப் பெட்டியில்தான் போகணும். அப்புறம், உண்மையை மட்டும்தான் சொல்லணும். நம்மகிட்ட இருக்கிற சொத்து அது ஒண்ணுதான்."

முதல் சனிக்கிழமை படுதோல்வி. அவள் ஒரு பழைய வெண்கல முத்திரையை எடுத்துப் போயிருந்தாள். காத்திருப்போர் கூடத்தின் நடுவில் ஒரு மேசைமேல் கண்ணாடிப் பெட்டியை வைத்து, அட்டையில் எழுதியிருந்ததை மனப்பாடம் செய்த பள்ளிக்கூடப் பிள்ளை போல ஒப்பித்தாள். யாரும் திரும்பவில்லை. ஒரே ஒருவர் மட்டும் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

"என்ன விலை?"

"விக்கிறதுக்கு இல்லீங்க."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தீங்க?"

மூட்டையைக் கட்டிவிடலாமா என்று அவள் நினைத்தபோது முதல் வரிசையில் ஒரு முகம் மட்டும் மலர்ந்து, அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். அது அவளுடைய மாமனார். அவர் தலையாட்டியதில் ஆறுதல் இருந்தது, அர்த்தம் இல்லை. அவர் காதில் ஒரு வார்த்தைகூட விழுந்திருக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

மாமனார் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். வாழ்நாள் முழுக்க உறுமும் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததில் காது போய்விட்டது. காது போனவருக்குக் குரல் ஏறிவிட்டது. டெப்போவில் அவருக்கு ஹாரன் என்று பெயர். ஓய்வு பெற்ற பிறகும் தினமும் காலையில் முகம் கழுவி, தலை வாரி, பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவார். மகன் ஆசையாக வாங்கிக் கொடுத்த காது மெஷின் பெட்டி பிரிக்காமல் அலமாரியில் தூங்கியது. "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. நீங்கதான் வாய்க்குள்ளயே பேசறீங்க" என்பார். அதனால் அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை, கத்துவார்கள்.

"மாமா, கதவைச் சாத்துங்க!"

"தாத்தாவா? எந்தத் தாத்தா வந்திருக்காரு?"

இப்படித்தான் போகும்.

அடுத்த வாரம் சாவியம்மா அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்தாள். பெட்டியில் இருந்தது ஒரு பீங்கான் கோப்பை. அதன் வாய்க்குக் குறுக்கே பாலம் போல ஒரு விளிம்பு, விளிம்பில் ஒரு சின்னத் துவாரம். பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருப்பவருக்கு மீசை என்றால் அப்படி ஒரு மீசை, இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி நிற்கும். அவரைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்து வந்து நடுக்கூடத்தில் நிறுத்தினாள்.

"அண்ணே, உங்க டீயை நீங்களே ஒரு வாய் குடிங்க."

அவர் குடித்தார். கிளாஸை எடுத்ததும் மீசையிலிருந்து டீ சொட்டியது. கூடம் கொல்லென்று சிரித்தது.

"பாத்தீங்களா? ஒரு காலத்துல ஆம்பளைங்க மீசைக்கு மெழுகு தடவி முறுக்கி விடுவாங்க. சூடா டீ குடிச்சா ஆவி பட்டு மெழுகு உருகி, நிமிந்து நின்ன மீசை ஆட்டுக்குட்டி காது மாதிரி தொங்கிடும். மீசை நனையாம குடிக்கணும்னு செஞ்ச கோப்பை இது. இதை வெச்சிருந்தவர் பேண்டு வாத்தியக் குழுவோட தலைவர். கல்யாணப் பேச்சு வந்தப்போ பொண்ணு சொல்லிட்டாளாம், ஒண்ணு நான், இல்ல மீசைன்னு. மறுநாளே மழிச்சுட்டார். அப்புறம் கோப்பை எதுக்கு? எங்ககிட்ட கொடுத்துட்டார்."

அன்று பெட்டியைச் சுற்றி நின்ற கூட்டம் கலைய வெகுநேரம் ஆனது. மாமனார் முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லோரும் சிரித்தபோது தானும் சிரித்தார்.

அதற்கடுத்த சனிக்கிழமை ஒரு ஜோடி மரச்செருப்பு. அடிப்பாகத்தில் குதிகால் முன்னாலும் விரல் பின்னாலும் இருக்கும்படி செதுக்கியது. ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து சரக்கு கடத்தி வந்தவர்கள் போட்டது. சேற்றில் பதிந்த தடத்தைப் பார்த்தால் உள்ளே வந்தவன் வெளியே போனதாகத் தெரியும். காவல்காரர்கள் ஆற்றைப் பார்த்து ஓட, ஆள் ஊருக்குள் உட்கார்ந்து முதுகு சொறிந்துகொண்டிருப்பான். சாவியம்மா கூடத்தின் நடுவில் அப்படியும் இப்படியும் நடந்து காட்டிச் சொன்னாள். கைதட்டல் வந்தது. வாழ்க்கையில் அவளுக்கு யாரும் கைதட்டியதில்லை. வீடு வரைக்கும் கால் தரையில் பாவவில்லை.

நான்காவது வாரம் அவள் போனபோது கூடத்தில் எள் விழ இடமில்லை. பஸ் ஏற வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். பேச்சு காதுக்கு எட்டி இயக்குநரும் வந்து தூணோரம் நின்றிருந்தார். அவள் பெட்டியை இறக்கி வைப்பதற்குள் நர்ஸ் உடையில் இருந்த ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, அந்தக் காதல்காரன் செருப்பை மறுபடி கொண்டு வரமாட்டீங்களா? என் தங்கச்சியைக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

"காதல்காரனா? அது கடத்தல்காரன் செருப்புங்க."

"இல்லக்கா. அவன் ராத்திரி அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போறப்போ அதைப் போட்டுக்கிட்டுதான போவான்? நடு ராத்திரில அவ அப்பா எழுந்து வந்து வாசல்ல தடத்தைப் பாத்துட்டு, 'யாரோ நம்ம வீட்டுலேர்ந்து வெளிய போயிருக்கானே, உள்ள வந்த தடத்தைக் காணோமே'ன்னு மண்டையைப் பிச்சுக்குவாரு. எங்க வார்டு முழுக்க இந்தக் கதைதான்."

சாவியம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அதற்குள் ஒரு கண்டக்டர் குறுக்கிட்டார்.

"அதைவிட அந்த மேசைக் கோப்பைதாங்க பிரமாதம். விருந்தாளி டீ குடிச்சா தன்னோட மேசையில ஒரு சொட்டு சிந்தக் கூடாதுன்னு ஒரு மகராசி தனியா கோப்பை செய்யச் சொன்னாளாமே! கடைசில வீட்டுக்கு ஒரு விருந்தாளியும் வராம, மேசை மட்டும் பளபளன்னு இருந்துச்சாம்!"

மீசை மேசையாகியிருந்தது. கடத்தல் காதலாகியிருந்தது. தூணோரம் இருந்து இயக்குநரின் குரல் வந்தது.

"இதையெல்லாம் யாருங்க சொன்னது?"

கூடத்தில் இருந்த அத்தனை விரல்களும் முதல் வரிசைப் பெஞ்சைக் காட்டின. எல்லோரும் தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்து மாமனார் எழுந்து நின்று கும்பிட்டார்.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. சனிக்கிழமை அவள் வாயசைவில் பாதியும், தன் காதில் விழுந்ததில் பாதியுமாகச் சேர்த்து, மற்ற நாட்களில் மனிதர் பெஞ்சில் உட்கார்ந்து பஸ் பஸ்ஸாகக் கதை ஏற்றி அனுப்பியிருக்கிறார். அவர் குரலுக்கு ஒலிபெருக்கியும் தேவையில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் இயக்குநர் அவளைத் தனியாக அழைத்தார். கோபப்படவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"கேக்க நல்லாத்தான் இருக்கும்மா. அதுதான் எனக்கு பயமே. பொய் உண்மையை விட அழகா இருந்துச்சுன்னா, உண்மை அவமானப்பட்டு வீட்டுக்குப் போயிடும். அடுத்த வாரத்துக்குள்ள சரி பண்ணிடுங்க. இல்லேன்னா நிறுத்திக்கலாம்."

மாமனாரிடம் இதை எப்படிச் சொல்வது? 'உங்களுக்குக் காது கேக்கல, கதையை மாத்திட்டீங்க' என்று கத்தினால் தெரு முழுக்கக் கேட்கும். கத்தாமல் சொன்னால் அவருக்கு மட்டும் கேட்காது. திங்கட்கிழமை கிடங்கில் இதே யோசனையாக நடந்துகொண்டிருந்தவள், மருத்துவக் கருவிகள் அலமாரி முன்னால் நின்றாள். உள்ளே துணி சுற்றிய நீளக் குழாய் ஒன்று பாம்பு போலச் சுருண்டிருந்தது. ஒரு முனையில் மரப்புனல், மறுமுனையில் காதில் வைக்கும் சின்னக் குமிழ்.

அதன் கதை அவளுக்குத் தெரியும். கடிகாரம் பழுது பார்க்கும் ஒருவருக்குக் காது மந்தமாகிவிட்டது. அவர் மனைவிக்குச் சன்னமான குரல், அதோடு மானம் பெரிதாக நினைக்கிற மனுஷி. புருஷனோடு சண்டை போட்டால் அக்கம்பக்கத்துக்குக் கேட்குமே என்று வாயை மூடிக்கொண்டே இருந்தாள். இந்தக் குழாய் வந்த பிறகு இரண்டு பேரும் ஆசை தீரச் சண்டை போட்டார்களாம், ஊருக்குத் தெரியாமல்.

அசலைத் தொட முடியாது. அருங்காட்சியகத்தில் பொருள்களுக்குத் தாங்கி செய்யும் தச்சரிடம் போய் நின்றாள்.

"இதே மாதிரி ஒண்ணு செஞ்சு தர முடியுமாண்ணே?"

"தோட்டத்துக்குத் தண்ணி விடற குழாய் இருக்கு. புனலைக் கடைஞ்சுடலாம். யார் காதுக்கு?"

"எங்க மாமா காதுக்கு."

"ஹாரனுக்கா?" தச்சர் ஏற்கெனவே சிரித்துக்கொண்டே கருவிகளை எடுக்கப் போய்விட்டார்.

மறுநாள் மதியம் அவள் குழாயோடு வீட்டுக்கு வந்தாள். மாமனார் ஜன்னலோரம் உட்கார்ந்து செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன, செடிக்குத் தண்ணி ஊத்தவா?"

அவள் குமிழை அவர் காதில் வைத்தாள். நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு, புனலை வாயருகில் பிடித்து, தன் இயல்பான குரலில் கேட்டாள்.

"சாப்பிட்டீங்களா, மாமா?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பிக் கதவைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"யாரு பேசினது?"

"நான்தான் மாமா."

"நீயா?" குமிழை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தார். "இன்னொரு தடவை பேசு."

"என்ன பேச? இது எங்க கிடங்குல இருக்கிற சாமானோட நகல். தச்சர் செஞ்சு குடுத்தாரு."

அவர் குழாயை முனை வரை தடவிப் பார்த்தார். பிறகு, அவர் வாயிலிருந்து அவள் கேட்டே இராத தாழ்ந்த குரலில் சொன்னார். "உன் குரல் இவ்வளவு மெதுவானதாம்மா? இத்தனை வருஷமா உனக்கு என்மேல என்னமோ கோவம்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன். எப்பப் பாத்தாலும் கத்திக்கிட்டே இருக்கியேன்னு."

சாவியம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து முட்டிக்கொண்டு நின்றன. "கோவமா? உங்க மேலயா? உங்களுக்குக் கேக்கணுமேன்னு கத்துனேன் மாமா!"

"அது இப்பத்தான தெரியுது."

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகுதான் அவள் மெல்ல விஷயத்துக்கு வந்தாள். மேசை இல்லை மாமா, மீசை. காதல் இல்லை, கடத்தல். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியது.

"அப்போ எல்லாரும் என்னைப் பாத்துத்தான் சிரிச்சாங்களா?"

"இல்ல மாமா. கதையைக் கேட்டு சிரிச்சாங்க. ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்கு உங்க கதை."

மறுநாள் அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை. டீக்கடைக்காரரே வீடு தேடி வந்து, ஹாரன் அண்ணன் இல்லாமல் பெஞ்சு பல்லு போன வாய் மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை காலையில் அலமாரி திறக்கும் சத்தம் கேட்டு அவள் எட்டிப் பார்த்தாள். மாமனார் காது மெஷின் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா பாக்கறே? தப்பாக் கேட்டு ஒரு தடவை சொன்னா அது விபத்து. தெரிஞ்சும் அப்படியே போனா லைசென்ஸைப் பிடுங்கணும்." மெஷினை மாட்டிய உடனே முகத்தைச் சுளித்தார். "என்ன இது, தலைக்குள்ள குருவி கூடு கட்டியிருக்கு?"

சனிக்கிழமை அவள் கோப்பையையும் செருப்பையும் ஒன்றாகவே எடுத்துப் போனாள். தச்சர் கோப்பைக்கும் மரத்திலேயே ஒரு நகல் செய்து வைத்திருந்தார். இயக்குநர் தூணோரம் நின்றார். அவள் வாயைத் திறப்பதற்குள் மாமனார் எழுந்து முன்னால் வந்துவிட்டார்.

"இந்தச் சாமானுக்கெல்லாம் ரெண்டு ரெண்டு கதை இருக்கு" என்று ஆரம்பித்தார். குரல் கடைசி நடைமேடை வரை போனது. "ஒண்ணு என் மருமக சொன்னது. இன்னொண்ணு என் காது சொன்னது. ரெண்டையும் சொல்றேன். எது நெசம்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. என் காதுக்கு யாரும் சலுகை காட்ட வேணாம்."

அவள் இயக்குநரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

முதலில் கோப்பை. மீசைக் கட்சி, மேசைக் கட்சி என்று கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. டீக்கடைக்காரர் நகல் கோப்பையில் டீ ஊற்றிக் குடித்தார். மீசை காய்ந்தபடியே இருந்தது. ஆனால் பழக்கமில்லாத கோப்பை, பக்கவாட்டில் சாய்ந்து, பெட்டி வைத்திருந்த மேசையெல்லாம் டீ. "மேசை நனஞ்சுடுச்சு! மீசைதான் நெசம்!" என்று கண்டக்டர் கத்தினார். மேசைக் கட்சிக்காரரே அவர்தான்.

செருப்பில்தான் பிரச்சினை. காதல் கட்சிக்கு நர்ஸ் தலைவி, அவள் பக்கம் பாதிக் கூடம் கையைத் தூக்கியது. அப்போது இயக்குநர் தாங்க மாட்டாமல் முன்னால் வந்தார்.

"கொஞ்சம் வழி விடுங்க. அடிப்பாகத்தைப் பாருங்க. எவ்வளவு ஆழமாத் தேஞ்சிருக்கு? தெனமும் பாரம் சுமந்து, ரொம்ப தூரம் நடந்தவன் கால் இது. காதலன் எங்கயாவது தலையில மூட்டையோட நடப்பானா?"

"நடப்பான் சார், கல்யாணத்துக்கு அப்புறம்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

கூடம் அதிர்ந்தது. இயக்குநர் சிரித்தார். சும்மா சிரிக்கவில்லை, பெட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவரிடம் இத்தனை வருடம் வேலை பார்த்தவளுக்கு அவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்று இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. பிறகு மறுபடி கை தூக்கச் சொன்னார்கள். கடத்தல் ஜெயித்தது. நர்ஸ் மட்டும் கடைசி வரை கையை இறக்கவில்லை.

போகும்போது இயக்குநர் அவளிடம் சொன்னார். "நான் பயந்தது தப்பும்மா. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா, ஜனங்க குனிஞ்சு சாமானைப் பாக்கறாங்க. நம்ம கூடத்துல யாரும் இப்படிக் குனிஞ்சு பாத்ததே இல்ல."

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் ஒரு பொருளும் இரண்டு கதைகளுமாக நடந்தது. மருமகள் நிஜத்தைச் சொல்வாள், மாமனார் காதில் பூ சுற்றுவார், ஜனங்கள் தீர்ப்புச் சொல்வார்கள். ஒரே ஒரு சிக்கல். மெஷின் வந்த பிறகு எல்லாம் சரியாகக் கேட்டுத் தொலைத்தது. "கழட்டி வெச்சாத்தாம்மா கதை வருது" என்று சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை மதியம் மெஷினைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இப்போ சொல்லு, நாளைக்கு என்ன சாமான்?" என்று கேட்பார். மற்ற நேரமெல்லாம் மாட்டியே இருப்பார். சமையலறையில் அவளும் கணவனும் குசுகுசுவென்று பேசினால், "எனக்கும் சேத்துப் பேசுங்க" என்று கூடத்திலிருந்து பதில் வரும்.

மழைக்காலம் முடிந்து கூரையும் சரியானது. அருங்காட்சியகம் திறந்த அன்று காலையில் சாவியம்மா வாசலைத் திறந்தபோது டிரைவர்களும் கண்டக்டர்களும் சீருடையோடு படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். டீக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டே வந்திருந்தார். நர்ஸும் அவள் தங்கையும் நேராகச் செருப்பு இருக்கும் அறையைக் கேட்டார்கள்.

கூட்டத்தில் யாருக்கும் தெரியாத ஒரு பெண் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தாள். பையிலிருந்து துணியில் சுற்றிய எதையோ எடுத்து மேசைமேல் வைத்தாள். இரும்பில் செய்தது. ஒரு பக்கம் பல்சக்கரம், ஒரு பக்கம் கரண்டி போன்ற குழி, நடுவில் திருகினால் டக்கென்று மடங்கும் ஒரு கை.

"வீடு மாத்தறப்போ பரண்ல கெடைச்சுது. எங்க வீட்டுல யாருக்கும் இது என்னன்னு தெரியல. உங்களுக்குத் தெரியுமான்னு கேக்கலாம்னு..."

சாவியம்மா எடுத்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். இயக்குநரிடம் கொடுத்தாள். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார்.

"தெரியலயேம்மா" என்றார், முகமெல்லாம் பல்லாக.

"எனக்கும் தெரியல சார்."

"இப்படிக் கொண்டாங்க" என்று மாமனார் கையை நீட்டினார். கையிலிருந்ததை ஒருமுறை திருகினார், டக்கென்றது. காதிலிருந்து மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமினார். படிகளில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து உள்ளே வந்து சுற்றி நின்றார்கள். இயக்குநர் அந்தப் பெண்ணுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.